10 மீற்றர் எயார் றைபிள்: பெலற்றை நிறுத்துப் பிரிச்சும் குறூப் சுருங்கேல்லை

கோண்டாவில்_10மீ எழுதியது:

வணக்கம். கழகத்திலை பிள்ளையள் பழகிற எயார் றைபிள் ஒண்டைப் பற்றித்தான் கேள்வி. சிலிண்டரிலை காற்று நிரப்பிச் சுடுற வகை, 4.5 மி.மீ. குழல். பெலற் (சுடுற சின்ன ஈயக் குண்டு) தட்டைத்தலை, 0.53 கிராம், ரின்னிலை தலை அளவு 4.50 மி.மீ. எண்டு இருக்கு.

ஆளின்ரை பிழை சேரக்கூடாது எண்டு துவக்கின்ரை முன்கட்டையை மேசை வைஸிலை இறுக்கி, அட்டைக்கு ஐஞ்சு சூடு வீதம் சுட்டுப் பாத்தாச்சு (அந்த ஐஞ்சு ஓட்டைக் கூட்டத்தைத்தான் குறூப் எண்டுறது). ஓட்டையளின்ரை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 5.8 தொடக்கம் 7.4 மி.மீ. வரை வருது. விரியிறது கூடுதலா மேலும் கீழுமா; பக்கவாட்டிலை அவ்வளவு இல்லை. கொஞ்ச நேரம் விட்டிட்டுச் சுட்டால் முதல் சூடு எப்பவும் மேலை போகுது.

வெடிமருந்துத் துவக்கின்ரை ரவையைக் கையாலை நிரப்பிற ஆக்கள் எல்லாத்தையும் நிறுத்துப் பிரிக்கினம் எண்டு வாசிச்சு, 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு ஒண்டு வாங்கி, ஒரு ரின் முழுக்க 0.52, 0.53, 0.54 எண்டு மூண்டாப் பிரிச்சன். மூண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இனி என்ன செய்யிறது? 4.49, 4.51 தலை அளவு எடுத்துப் பாக்கிறதா? பெலற்றைக் கழுவி எண்ணெய் போடச் சொல்லியும் சிலர் சொல்லினம். அதிலை பயன் இருக்கோ?

—

தூக்குத்தராசு எழுதியது:

முதல்லை உந்தத் தராசை ஒரு பக்கம் வையுங்கோ. 0.01 கிராம் தராசு 0.53 எண்டு காட்டினால், உண்மையான நிறை 0.525 தொடக்கம் 0.535 வரை எங்கையும் இருக்கலாம். அதோடை அந்தத் தராசின்ரை சொந்தப் பிழையும் ஒரு இலக்கம் இஞ்சாலை அங்காலை போகும். அதாலை நீங்கள் பிரிச்ச மூண்டு குவியலும் உண்மையிலை ஒரே குவியல்தான். பெலற் நிறுக்க 0.001 கிராம் காட்டுற தராசு வேணும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையளிலை கண்ணாடிக் கூட்டுக்குள்ளை வச்சிருக்கிறது அந்த வகை. அதிலையும் மின்விசிறியை நிப்பாட்டிப்போட்டுத்தான் நிறுக்க வேணும்.

ஆனால் தராசு வாங்க முதல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. பெலற் செக்கனுக்கு 172 மீற்றர் வேகத்திலை வெளிக்கிட்டால், காற்றுத் தடையோடை 10 மீற்றர் போக ஏறக்குறைய 0.06 செக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள்ளை புவியீர்ப்பாலை கிட்டத்தட்ட 18 மி.மீ. கீழை இறங்கும். அந்த இறக்கம் வேகத்தின்ரை வர்க்கத்துக்கு எதிர்மாறா மாறும். வேகம் 1 சதவீதம் குறைஞ்சால் இறக்கம் 2 சதவீதம் கூடும், அதாவது 0.36 மி.மீ.

இனி நிறை. துவக்கு குடுக்கிற சக்தி மாறாது எண்டு வச்சால், நிறை 1 சதவீதம் கூட வேகம் அரைச் சதவீதம் குறையும். 0.53 கிராம் பெலற்றிலை 5 மில்லிகிராம் வித்தியாசம் எண்டால் 1 சதவீதத்துக்குக் கிட்ட. அது அட்டையிலை 0.17 மி.மீ. போட்டியின்ரை தசமப் புள்ளிக் கணக்கிலை ஒவ்வொரு 0.1 புள்ளியும் அட்டையின்ரை ஆரையிலை 0.25 மி.மீ. அப்ப 5 மில்லிகிராம் வித்தியாசம் முழுசா ஒரு 0.1 கூட இல்லை. நல்ல போட்டிப் பெலற் ரின் ஒண்டுக்குள்ளை பெரும்பாலானவை அதுக்குள்ளைதான் இருக்கும்.

ரவை நிரப்பிற ஆக்களின்ரை பழக்கத்தை அப்பிடியே இஞ்சை கொண்டு வந்தால் பிழைக்கும். அவையள் முக்கியமா நிறுக்கிறது வெடிமருந்தை. சன்னத்தின்ரை வேகம் அதிலை தங்கியிருக்கு. எயார் றைபிளிலை அந்த வேலையைச் செய்யிறது றெகுலேற்றரும் (காற்றழுத்தத்தைச் சீராக்கிற பகுதி) வால்வும். நீங்கள் சீராக்க வேண்டிய "மருந்து" காற்றுத்தான்.

உங்கடை அளவை எடுத்துப் பாப்பம். 7.4 இலை ஒரு பெலற்றின்ரை விட்டம் 4.5 ஐக் கழிச்சால் மையத்துக்கு மையம் 2.9 மி.மீ. இவ்வளவையும் வேகம் மட்டும் செய்யிறதெண்டால் செக்கனுக்கு 14 மீற்றர் அளவு வித்தியாசம் வர வேணும். ஓரளவுக்கு வேலை செய்யிற போட்டித் துவக்கிலை அது நடவாது. அதாலை ரெண்டு காரணம் சேர்ந்து கிடக்கு எண்டு நினைக்கிறன். முதல் சூடு மேலை போறது காற்றுப் பக்கம். மிச்சம் பெரும்பாலும் நீங்கள் வைஸிலை இறுக்கின விதம்.

முன்கட்டையிலை இறுக்கினால், பெலற் போடுற லீவரைத் திறந்து மூடேக்கை துவக்கு கட்டைக்குள்ளை அசையும். 70 சென்ரிமீற்றர் நீளத்திலை ஒரு முனை 0.1 மி.மீ. அசைஞ்சால், அதாவது ஒரு ஏ4 தாளின்ரை தடிப்பளவு, 10 மீற்றரிலை 1.4 மி.மீ. தள்ளிப்போகும். சோதிக்கிறது லேசு: வைஸிலை இருக்கிற துவக்கின்ரை குறிகாட்டியாலை அட்டையைப் பாருங்கோ, லீவரைத் திறந்து பெலற் போட்டு மூடுங்கோ, திரும்பப் பாருங்கோ. அட்டையின்ரை கறுப்பு வட்டம் குறிகாட்டியின்ரை வளையத்துக்குள்ளை கொஞ்சமெண்டாலும் விலகியிருந்தால் நீங்கள் அளந்தது பெலற்றை இல்லை, வைஸை.

கட்டையைக் கழட்டி, குழல் பூட்டியிருக்கிற உலோக உடலை மட்டும் இறுக்குங்கோ. வைஸின்ரை பல்லுக்கும் உடலுக்கும் இடையிலை மெல்லிய பலகைத் துண்டு வையுங்கோ. குழலிலை இறுக்கக்கூடாது, வளையும். காற்றுச் சிலிண்டரிலை ஒருநாளும் இறுக்கக்கூடாது. உள்ளுக்கு 200 பார் அழுத்தம் இருக்கிற சாமான் அது. கட்டைக்குத் திரும்பப் பூட்டேக்கை திருகாணியளைக் கைப்புத்தகத்திலை சொன்ன இறுக்கத்துக்கு, அளவு காட்டுற சாவியாலை இறுக்குங்கோ. தளர்ந்த திருகாணியும் இப்பிடி மேல்கீழ் விரிவைத்தான் தரும்.

—

வடமராட்சி_வால்வு எழுதியது:

முதல் சூடு மேலை போறதுக்கு என்ரை பதில்.

றெகுலேற்றர் சிலிண்டரிலை இருக்கிற கூடின அழுத்தத்தைக் குறைச்சு, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவு காற்றை ஒரு சின்ன அறைக்குள்ளை விடுது. அதுக்குள்ளை காற்றை அடைக்கிற இருக்கையிலை கீறல் விழுந்தால், இல்லாட்டி தூசி இருந்தால், மூடினாப் பிறகும் காற்று மெதுமெதுவா உள்ளுக்குக் கசியும். அடிக்கடி சுடேக்கை கசிய நேரமில்லை. பத்து நிமிசம் சும்மா விட்டால் அறையின்ரை அழுத்தம் ஏறி, அடுத்த சூடு வேகமாப் போய் மேலை விழும். உங்கடை அறிகுறி அச்சொட்டா இதுதான்.

வேகமானி ஒண்டு எடுத்து இப்பிடிச் செய்யுங்கோ. குழல்வாயிலையிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்திலை வையுங்கோ. அடுத்தடுத்து, அரை நிமிச இடைவெளியிலை பத்துச் சூடு. எழுதுங்கோ. பதினைஞ்சு நிமிசம் தொடாமல் விடுங்கோ. திரும்ப ஐஞ்சு சூடு. இதை மூண்டு தரம் செய்தால் போதும். இடைவேளைக்குப் பிறகு வாற முதல் இலக்கம் மட்டும் உயர்ந்து, மிச்சம் ஒரு மட்டத்திலை நிண்டால் கசிவுதான். எல்லா இலக்கமும் தாறுமாறா ஏறி இறங்கினால் வால்வை அடிச்சுத் திறக்கிற சுத்தியலின்ரை பக்கம் பாக்க வேணும். இலக்கங்கள் ஒரே சீரா இறங்கிக்கொண்டு போனால் சிலிண்டர் அழுத்தம் றெகுலேற்றரின்ரை அளவுக்குக் கீழை வந்திட்டுது, நிரப்பிப்போட்டுத் தொடருங்கோ.

கசிவு உறுதியானால், தற்காலிகத்துக்கு ஒவ்வொரு தொடருக்கு முன்னாலையும் ரெண்டு சூட்டை பெலற் பிடிக்கிற தடுப்புப் பெட்டிக்குள்ளை விட்டிட்டுத் தொடங்கலாம். நிரந்தர வழி றெகுலேற்றரின்ரை சீல்களை மாத்திறது. அதை ஆளாளுக்குக் கழட்டக்கூடாது. காற்று முழுக்க வெளியேறினாப் பிறகு, பயிற்சி பெற்ற ஆள்தான் திறக்க வேணும்.

றெகுலேற்றர் பழுதாகிறதுக்கு இஞ்சை பெரிய காரணம் ஈரம். எங்கடை காற்றிலை ஈரப்பதன் கூட. அதை 200 பாருக்கு அமுக்கேக்கை ஈரம் தண்ணியாப் பிரிஞ்சு சிலிண்டருக்குள்ளை போகும். கைப்பம்பாலை நிரப்பிறதெண்டால் ஐம்பது அடி அடிச்சுப்போட்டு நிப்பாட்டி, ஈரம் வெளியேற்றிற திருகைத் திறந்து விட்டு, பம்பு ஆறினாப் பிறகு தொடருங்கோ. ஒரே மூச்சிலை அடிச்சால் பம்பு சூடாகி, ஈரம் ஆவியாவே உள்ளுக்குப் போயிடும். சுழியோடுற ஆக்களின்ரை பெரிய சிலிண்டரிலை இருந்து நிரப்பிறது நல்லது, அந்தக் காற்று உலர்த்தி வடிச்சு வாறது. அதையும் மெதுவாத் திறக்க வேணும்.

ஒட்டு வேலைக்காரர் வச்சிருக்கிற ஒட்சிசன் சிலிண்டரைக் கிட்டவும் கொண்டு வராதேயுங்கோ. உயர் அழுத்த ஒட்சிசன் ஒரு துளி எண்ணெயோடை பட்டால் வெடிக்கும். அதே காரணத்துக்காக நிரப்பிற இணைப்பிலை கனிய எண்ணெய் வேண்டாம். தேவையெண்டால் சிலிக்கோன் கிறீஸ் மட்டும்.

30 பாகை வெப்பத்திலை 200 பாருக்கு நிரப்பின சிலிண்டரை வெயில்லை நிண்ட காருக்குள்ளை வச்சு அது 60 பாகைக்குப் போனால், உள்ளை 220 பார் ஆகும். அதாலை வண்டிக்குள்ளை விடவேண்டாம், வெயிலுக்குப் போற நாளிலை 180 ஓடை நிப்பாட்டுங்கோ. சிலிண்டரிலை பொறிச்சிருக்கிற காலாவதித் திகதியையும் பாருங்கோ. அது முடிஞ்சிருந்தால் போட்டியிலை அதைப் பாவிக்க ஏலாது.

—

சுடுதள_ஆசிரியை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதைச் சரிசெய்த பிறகுதான் பெலற்றைச் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

பெலற்றில் முதலில் பார்க்க வேண்டியது லொட் இலக்கம், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் இலக்கம். ரின்னில் ஒட்டியிருக்கும் சிட்டையில் அது இருக்கும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே தலை அளவு என்றாலும் அச்சும் நாளும் மாறும்போது பெலற் மாறுகிறது. ஒரு குழலுக்கு ஒரு லொட் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் அதே வகைத் துவக்கின் குழலுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அன்ட் என் பினாலே மட்ச், ஜே.எஸ்.பி., சீனத் தயாரிப்பான கியூ.வை.எஸ். எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெயரைப் பார்த்து விலை கூடியதை வாங்குவதை விட, மூன்று நான்கு லொட்டில் ஒவ்வொரு ரின் எடுத்துச் சோதித்து, நன்றாக வருவதை மொத்தமாக வாங்குவது மேல். வாரத்துக்கு மூன்று பயிற்சி, ஒரு பயிற்சிக்கு 80 சூடு, ஆண்டில் 40 வாரம் என்றால் 9600 பெலற். 500 கொள்ளும் ரின்னில் இருபது. கழகத்தின் பெயரில், உரிய அனுமதியோடு மட்டும் தருவிக்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் பொதிக்குள் வைத்து அனுப்பும் வழி வேண்டவே வேண்டாம்.

சோதிக்கும் முறையில் பெரும்பாலானோர் விடும் பிழை, ஐந்து சூட்டுக் குறூப் ஒன்றையோ இரண்டையோ பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. ஒரே லொட்டின் ஒரே ரின்னிலிருந்து சுட்டாலும் ஒரு குறூப் மற்றதைப் போல இரண்டு மடங்கு வரலாம். அது வெறும் தற்செயல். ஒவ்வொரு லொட்டுக்கும் பத்துக் குறூப் சுட்டுச் சராசரி எடுங்கள். மிகச் சிறிய குறூப்பை வெட்டி வைத்துப் பெருமைப்படுவதால் ஒன்றும் தெரியாது. லொட்டுகளை மாற்றி மாற்றிச் சுடுங்கள்: முதல் லொட்டில் ஒரு குறூப், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று, பிறகு மீண்டும் முதலாவது. ஒரு லொட்டை முழுக்கக் காலையிலும் மற்றதை முழுக்கப் பின்னேரத்திலும் சுட்டால், கூரைத் தகடு சூடேறியதன் விளைவையும் பெலற்றின் கணக்கில் சேர்த்து விடுவீர்கள். லொட் மாற்றும்போது முதல் ஐந்து சூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அளக்கும்போது ஓட்டையின் விட்டம் 4.5 என்று எடுத்துக்கொள்ளாமல், அதே அட்டையில் தனியாக ஒரு சூடு சுட்டு அந்த ஓட்டையை வேர்ணியரால் அளந்து கழியுங்கள். கடதாசி ஈரமாக இருந்தால் ஓட்டையின் அளவு சரியாகத் தெரியாது. மாரியில் அட்டைகளை மூடிய பெட்டியில் வைத்திருங்கள். பின்னால் தடித்த மட்டை ஒன்றையும் கொடுங்கள்.

தலை அளவு: 4.49, 4.50, 4.51 மூன்றையும் மேற்சொன்னபடி சோதியுங்கள். விரலால் தள்ளும்போது இறுக்கமாக இருப்பது நல்லது, தளர்வாக இருப்பது கூடாது என்று முடிவெடுக்க வேண்டாம். தளர்வானது குழலுக்குள் ஒரு நாள் ஆழமாகவும் ஒரு நாள் மேலாகவும் உட்காரும் என்பது உண்மைதான். ஆனால் எது நல்லது என்பதை அட்டைதான் சொல்லும்.

நிறுப்பதற்குச் செலவிடும் நேரத்தைக் கண்ணால் பார்ப்பதற்குக் கொடுங்கள். பெலற்றின் பின்பக்கத்தில் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்புதான் குழலின் வரிகளைப் பிடித்துக் காற்றை அடைக்கிறது. ரின் குலுங்கினால் முதலில் நெளிவதும் அதுதான். ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றுச் சரித்து வைத்து பெலற்றை உருட்டுங்கள். நல்லது ஒரே வளைவில் அமைதியாக உருளும். நெளிந்தது துள்ளித் துள்ளிப் போகும். விளிம்பில் பள்ளம், தலையில் ஈயச் சிராய், நீள்வட்டமாகத் தெரிவது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நெளிவை ஊசியாலோ குச்சியாலோ நிமிர்த்தி மீண்டும் சேர்க்க வேண்டாம். ஒதுக்கியவை போட்டிக்கு ஆகாது. நிற்கும் நிலையையும் விசை இழுப்பதையும் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கழுவுவது பற்றி. போட்டிப் பெலற்றைக் கழுவக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலையில் இட்ட மெல்லிய பூச்சு போய்விட்டால், எங்கள் உப்புக் காற்றில் ஈயம் விரைவில் வெளுக்கும். பிறகு நீங்கள் போடும் எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவாக ஒட்டும். வேகம் சீராக வரவேண்டும் என்று பாடுபட்டு, வேகத்தைக் குழப்பும் ஒன்றை நீங்களே சேர்த்தது போல ஆகும். தூசி இருந்தால் நூல் விடாத துணியில் மெல்ல உருட்டி எடுங்கள். ரின்னை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

வெள்ளைத் தூள் படிந்த பெலற் இருந்தால் அதைச் சுட வேண்டாம், ஊதவும் வேண்டாம். அது ஈயச் சேர்மம், நச்சு. பிள்ளைகள் பழகும் இடம் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெலற்றை வாயில் வைக்கக் கூடாது, சுடும் வரிசையில் தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தடுப்புப் பெட்டிக்கு முன்னால் உள்ள நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். சேரும் ஈயத்தை வீட்டில் உருக்க யாருக்கும் கொடுக்காதீர்கள்.

—

கோண்டாவில்_10மீ எழுதியது:

மூண்டு பேருக்கும் நன்றி. செய்து பாத்ததை எழுதிறன்.

லீவர் சோதினையிலை வட்டம் தெளிவா விலகினது. கட்டையைக் கழட்டேக்கை பின் திருகாணி விரலாலையே சுத்துப்பட்டது. உலோக உடலைப் பலகைத் துண்டு வச்சு இறுக்கியாச்சு.

வேகமானி: தொடர்ச்சியாச் சுடேக்கை 171, 172, 172, 171, 172 எண்டு நிக்குது. பதினைஞ்சு நிமிசம் விட்டால் முதல் சூடு 177, அடுத்தது 173, பிறகு பழையபடி 172. மூண்டு தரமும் அப்பிடித்தான்.

ரெண்டு சூட்டை விட்டிட்டு, அதே பழைய ரின்னிலை இருந்து பத்துக் குறூப். சராசரி வெளிவிளிம்பு 5.6, கூடினது 6.1, குறைஞ்சது 5.2. இனிக் குழலைத் துப்பரவாக்கிப்போட்டு லொட் சோதினைக்குப் போகலாமோ?

—

தூக்குத்தராசு எழுதியது:

177 க்கும் 172 க்கும் வித்தியாசம் 3 சதவீதத்துக்குக் கிட்ட. இறக்கத்திலை 6 சதவீதம், அட்டையிலை 1 மி.மீ. மேலை. நீங்கள் கண்ட முதல் சூட்டுக்குக் கணக்குச் சரி. புள்ளியிலை அது 0.4. மாணவர் ஒராள் போட்டியிலை நீண்ட இடைவெளி விட்டு மூச்சு வாங்கிப்போட்டுச் சுடேக்கை, தன்ரை பிழை எண்டு நினைச்சுக் குறிகாட்டியைத் திருப்பிப்போடுவார். பிறகு வாற எல்லாச் சூடும் கீழை போகும். சீல் மாத்தும் வரைக்கும் அந்தத் துவக்கை எடுக்கிற பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தி வையுங்கோ.

துப்பரவாக்கிறதெண்டால் குழலுக்கு அளவான கம்பளித் துண்டை பெலற் போடுற அறைப்பக்கத்திலை இருந்து வாய்ப்பக்கம் தள்ளுங்கோ, எதிர்ப்பக்கமா வேண்டாம். உலர்ந்ததாவே செய்யுங்கோ; தெளிக்கிற எண்ணெய் சீலுக்குப் போகும். துப்பரவாக்கினாப் பிறகு வரியிலை திரும்ப ஈயம் சீராப் படிய இருபது சூடளவு வேணும், அந்த இருபதையும் அளக்காதேயுங்கோ. லொட் சோதினை நடுவிலை ஒருக்காலும் துப்பரவாக்க வேண்டாம்.

—

வடமராட்சி_வால்வு எழுதியது:

சோதினை தொடங்கேக்கையும் முடியேக்கையும் சிலிண்டர் அழுத்தத்தை அட்டையின்ரை மூலையிலை எழுதி வையுங்கோ. ஒரு லொட்டை 190 இலையும் அடுத்ததை 90 இலையும் சுட்டிட்டு ஒப்பிடக்கூடாது. சீல் மாத்தின அண்டைக்கு வேகம் கொஞ்சம் மாறி நிக்கும். அதுக்குப் பிறகு 172 க்குத் திருப்பிச் சரிசெய்து, ஒரு நாள் விட்டு வேகமானியிலை திரும்பப் பாத்துப்போட்டுத்தான் லொட் சோதினைக்குப் போகவேணும். அதாலை முதல் சீல், பிறகு லொட்.

—

கோண்டாவில்_10மீ எழுதியது:

சரி, சீலுக்கு ஆளைப் பிடிச்சாச்சு. அது முடிய 4.49, 4.50, 4.51 மூண்டிலையும் பத்துப் பத்துக் குறூப் சுட்டு அளவுகளை இதிலை போடுறன்.